ஷேடக்காவின் மாத்திரை

சாயப்பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. துணியின் நிறம் கேட்டபடி வந்திருக்கிறதா, ஒரு இழை ஏறியோ இறங்கியோ இருக்கிறதா என்பதை அங்கே 'ஷேடு' என்று சொல்வார்கள். அதைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஆகவே வாட்ச்மேன் தொடங்கி மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் ஷேடக்கா. சாயக் கலவைக்குப் பொறுப்பான, பணி ஓய்வை எட்டிக்கொண்டிருந்த டையிங் மாஸ்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். "உங்களுக்கு நான் அக்காவா? விளங்கினாப்லதான்" என்று அவள் சலித்துக்கொள்வாள். ஆனால் உள்ளூர அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளுடைய அறை சாயக் கொப்பரைகளுக்கு மேலே, மாடியில். வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் ஏறித்தான் போகவேண்டும். அறையின் சுவர் சாம்பல் நிறம், தரை சாம்பல் நிறம், அவள் போட்டிருக்கும் மேல்கோட்டும் சாம்பல் நிறம். பக்கத்தில் ஒரு சிவப்புப் பையை வைத்தால்கூட அதன் சாயல் துணியில் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடுமாம். நடுவில் முன்பக்கம் திறந்த ஒரு விளக்குப் பெட்டி. ஒரு சுவிட்சைத் தட்டினால் பகல் வெளிச்சம், இன்னொன்றைத் தட்டினால் கடை வெளிச்சம், மூன்றாவதில் வீட்டு பல்பின் மஞ்சள். வாடிக்கையாளர் கொடுத்த துண்டையும் பட்டறையில் சாயமேற்றிய துண்டையும் விளிம்போடு விளிம்பு ஒட்டிவைத்து, தலையைச் சற்றே சாய்த்து, மூச்சுவிடும் நேரம் பார்ப்பாள். "சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு மாஸ்டர்" என்பாள். அல்லது, "போதும், அனுப்புங்க." கருவி ஒன்றும் இருந்தது, அது எண்களைச் சொல்லும். இருந்தாலும் துணியைக் கண்ணால் பார்த்துத்தானே வாங்குகிறார்கள் என்று மேனேஜர் கடைசி வார்த்தையை அவளுக்கே விட்டிருந்தார்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "எங்க அண்ணனோட பிடுங்கல்ல வந்தது" என்பாள்.

அது பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவளுடைய அண்ணன் சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் தட்டுத் தடுமாறி நடப்பான். வாளியில் இடிப்பான், வாசல்படியில் விழுவான். 'பராக்குப் பார்க்கிறான்' என்று அப்பாவிடம் அடியும் வாங்குவான். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் பகலிலும் பார்வை சுருங்கியது. குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றான். பிறகு அந்தக் குழாயும் அடைத்துக்கொண்டது. தங்கைதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் போவாள். பஸ் வந்தால் கேட்பான்:

"என்ன கலரு?"

"சிவப்பு."

"சிவப்புன்னா? செங்கல்லா, தக்காளியா, அடிபட்ட முழங்காலா?"

சொல்லாவிட்டால் விடமாட்டான், நடுத்தெருவில் நின்றுவிடுவான். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் அழாத குறையாக ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வார்த்தையைத் தேடித் தேடிக் கொடுப்பாள். அப்படி வளர்ந்த கண் அது. அண்ணனுக்கு ஏன் பார்வை போயிற்று என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. நாற்பது வயதை எட்டும் முன்பே நெஞ்சில் சளி கட்டி அவன் போய்ச் சேர்ந்தான். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஷேடக்கா சிரித்துக்கொண்டே பேசுவாள், பேசி முடித்ததும் எழுந்து போய்விடுவாள்.

மூச்சு வாங்குவது இரும்புப் படியில்தான் முதலில் தெரிந்தது. ஏறிப் பழகிய படிதான். ஒரு நாள் பாதியில் நின்றாள். பிறகு தினமும் பாதியில் நின்றாள். "இந்தப் படி வளர்ந்துக்கிட்டே போகுது மாஸ்டர், அதுக்கு யாரு சாப்பாடு போடுறது?" என்று கேலியாகச் சொல்லி மழுப்பினாள். வீட்டில் கணவர் கவனித்தார். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். வெளியூரில் பள்ளி ஆசிரியையாக இருந்த மகளுக்கு அவர்தான் போன் செய்தார். மகள் வந்து, சண்டை போட்டு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொண்டு வருகின்றன, இதயம் பூட்டின கதவை முட்டி முட்டிக் களைத்துப்போகிறது என்றார் நுரையீரல் டாக்டர். முழுக்கக் குணமாக்க முடியாது. ஆனால் குழாய்களைத் தளர்த்த மாத்திரை உண்டு. காலை, மதியம், இரவு தவறாமல் போடவேண்டும். "ஒரு வேளைகூட விடக்கூடாது, ஞாபகம் வச்சுக்கோங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

மாத்திரை வாங்கக் கணவர்தான் போனார். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னண்ணே, இந்த வயசுலயா? அதுவும் மூணு வேளையா! உடம்பைப் பார்த்துக்கோங்க."

அது ஆண்களின் படுக்கையறைச் சங்கதிக்காக உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மாத்திரை என்று கணவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்து, மென்று விழுங்கி, "என் வீட்டுக்காரிக்கு" என்றார். கடையில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதிலிருந்து அவர் பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு பேட்டையில் போய் வாங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும் ஷேடக்கா மறுமுறை தானே அந்த முதல் கடைக்குப் போனாள். "எனக்குத்தாங்க வேணும். மூச்சு விடுறதுக்கு. உங்களுக்கு இப்ப சிரிப்பு வந்தா தாராளமா சிரிங்க, நான் அவசரமாப் போகல" என்றாள். கடைக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. படியை அவள் நிற்காமல் ஏறினாள். டையிங் மாஸ்டர் கீழேயிருந்து கை தட்டினார்.

கண்ணில் வந்த மாற்றத்தை அவள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுச் சற்று நேரம் போனால் வெளிச்சம் கூசும். வெள்ளைத் துணிமேல் மெல்லிய நீலம் படியும். சாம்பல் சுவரே விடியற்காலை வானம் மாதிரி தெரியும். பிறகு மெல்ல மெல்ல விலகும். விலகுவதற்குள் அடுத்த வேளை மாத்திரை வந்துவிடும். பழகிவிடும் என்று நினைத்தாள். சந்தேகம் வந்தால் கருவியைக் கேட்டாள். முன்பெல்லாம் அவள் கேட்டதே கிடையாது.

ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் திரைத்துணி, கடல்பச்சை நிறத்தில், பெரிய ஆர்டராக வந்திருந்தது. ஒரே தடவையில் அடங்காமல் இரண்டு கொப்பரையாகச் சாயமேற்றினார்கள். கருவி இழுபறியாக ஒரு எண்ணைச் சொன்னது. ஆகும் என்றும் சொல்லலாம், ஆகாது என்றும் சொல்லலாம். கொப்பரைக்கு ஒரு துண்டாக இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தாள். நடுவில் கோடே தெரியவில்லை. "ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. அனுப்புங்க" என்றாள்.

துணி திரும்பி வந்தது. ஒரே அறையில் மாட்டிய திரைகளில் பாதி நீலத்துக்கும் பாதி பச்சைக்கும் சாய்ந்திருந்தன. மேனேஜர் இரண்டு திரைகளையும் அவளுடைய மேசைமேல் போட்டார். மாஸ்டருக்குத் தெரிந்தது. வாட்ச்மேனுக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. யாரும் திட்டவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். கொப்பரை ஓட்டியவனை அவர் சந்தேகப்படுவது தெரிந்ததும் அவள் அவர் பின்னாலேயே போய், "அவன்மேல தப்பில்ல சார். பார்த்தது நான். எனக்குக் கண்ணு சரியில்ல" என்றாள். சொல்லிவிட்டு மாடிக்கு வந்து, விளக்குப் பெட்டிக்கு முன்னால் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கண் டாக்டர் பொறுமையான பெண். கலர் வில்லைகளை வரிசையாக அடுக்கச் சொன்னார்; நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் வரிசை குழம்பிக் கிடந்தது. வீட்டில் வேறு யாருக்காவது கண்ணில் குறை உண்டா என்று கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முடிவு வந்த அன்று கணவரும் கூட இருந்தார்.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் விழித்திரைன்னு ஒண்ணு இருக்கும்மா," என்று டாக்டர் தொடங்கினார். "அதுல வெளிச்சத்தை வாங்கிக்கிற செல்லுங்க கோடிக்கணக்குல இருக்கு. இருட்டுல ஒவ்வொரு செல்லும் தன் கதவைத் திறந்தே வச்சிருக்கும். கதவு மூடாம இருக்க உள்ளே ஒரு பொருள் முட்டுக் கொடுத்து நிக்கும். வெளிச்சம் பட்டதும் ஒரு நொதி, என்சைம்னு சொல்றோமே அது, அந்த முட்டுக்கட்டையை வெட்டிப் போடும். கதவு மூடும். கதவு மூடுச்சுங்கிற சேதி மூளைக்குப் போகும். அதைத்தான் நாம பார்வைன்னு சொல்றோம்."

"மாத்திரைக்கும் அதுக்கும் என்னம்மா?"

"அதே குடும்பத்து என்சைம் ஒண்ணு உங்க நுரையீரல் குழாய்லயும் இருக்கு. அங்க அது குழாயைத் தளர விடாது. மாத்திரை போய் அதோட கையைக் கட்டிப் போடுது, உங்களுக்கு மூச்சு வருது. ஆனா கண்ணுல இருக்கிறது அதுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. ஒரே முகச்சாயல். மாத்திரை அக்காவைப் பிடிக்கப் போய், தங்கச்சி கையையும் பிடிச்சிடுது."

ஷேடக்கா ஒரு கணம் யோசித்தாள். "அப்ப இது கொழுந்தியா கையைப் பிடிக்கிற மாப்பிள்ளைன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு அடங்கியதும் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "எல்லாருக்கும் இவ்வளவு தெரியாது. அந்த என்சைம் எப்படி உருவாகணும்னு சொல்ற குறிப்பு நமக்கு ரெண்டு வரும். அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. உங்களுக்கு ஒண்ணு நல்லாருக்கு, ஒண்ணு பழுது. ஒண்ணு போதும், ஆயுசு முழுக்க ஒரு குறையும் தெரியாது. மாத்திரை கை வச்சதால இப்ப தெரியுதோ என்னவோ. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"எங்க அண்ணனுக்கு?"

"அவருக்கு ரெண்டுமே பழுதா இருந்திருக்கும்னு நினைக்கிறேன். முட்டுக்கட்டையை வெட்ட ஆளில்லாம கதவு திறந்தே கிடந்தா, அந்த செல் தாங்காது. ஒவ்வொண்ணாச் செத்துடும். முதல்ல போறது மங்கலான வெளிச்சத்துல பார்க்கிற செல்லுங்க."

"அதான் சாயங்காலத்துல விழுந்தானா?"

"ஆமாம்மா."

வெளியே வந்து பஸ்ஸுக்காக நிற்கும்போது அவள் அழுதாள். தன் கண்ணை நினைத்து அழவில்லை. "பராக்குப் பார்க்கிறான்னு அப்பா எவ்வளவு அடிச்சாரு தெரியுமா? நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேங்க. ரெண்டு சீட்டுல நல்ல சீட்டு எனக்கு விழுந்துச்சு, அவனுக்கு விழல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். கணவர் அவளுடைய கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று ஈரலைக் கெடுத்தது. இன்னொன்று மூச்சுக்குப் பற்றவில்லை. மறுபடி பழைய மாத்திரைக்கே வந்தார்கள். "வேலையை விட்டுடுங்கம்மா. கண்ணு இருக்கும், கலர் மட்டும்தானே கொஞ்சம் முன்னப்பின்ன" என்றார் நுரையீரல் டாக்டர். நல்ல மனிதர்தான். 'மட்டும்தானே' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் மன்னிக்கவில்லை.

அவள் வேலையை விடவில்லை. காலை மாத்திரையையும் மதிய மாத்திரையையும் விட்டாள். காலையில் கணவர் எதிரிலேயே வாயில் போட்டுக்கொள்வாள், தண்ணீரும் குடிப்பாள், அவர் செருப்பு மாட்டத் திரும்பும்போது துப்பிவிடுவாள். இரவு மாத்திரையை மட்டும் விழுங்குவாள். சில நாட்களில் நீலம் விலகியது. மேனேஜர் கொண்டுவந்த இரண்டு திரைகளையும் எடுத்து ஒட்டிவைத்துப் பார்த்தாள். கோடு பளிச்சென்று தெரிந்தது. எப்படித் தெரியாமல் போயிற்று என்று நம்பவே முடியவில்லை. "மாஸ்டர், கண்ணு வந்துடுச்சு!" என்று படியில் நின்று கத்தினாள்.

அந்தப் பருவம் முழுக்க அவள் கைபட்டுப் போன துணியில் ஒரு குறை வரவில்லை. மூச்சு மறுபடி குறைந்தது. மெதுவாகப் படியேறக் கற்றுக்கொண்டாள். கால் வீங்கியது, பெரிய அளவுச் செருப்பு வாங்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு ஏதோ ஒரு பதில் வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, புதுசாப் பார்க்கிற மாதிரி?"

"உன் உதடு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"எனக்கு என்ன தெரியும், ஒரு மாதிரி இருக்கு. போய்க் கண்ணாடியில பாரு."

போய்ப் பார்த்தாள். இளஞ்சிவப்பில் நீலம் ஏறி, மேலே சாம்பல் பூசியிருந்தது. எந்தச் சாயத்தை எவ்வளவு கலந்தால் அந்த ஷேடு வரும் என்று அவளால் சொல்லியிருக்க முடியும். ரத்தத்தில் காற்று போதவில்லை என்பதன் நிறம் அது என்றும் ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாள். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, "குளிருல அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அந்த வாரத்திலேயே இரும்புப் படியில் விழுந்தாள். டையிங் மாஸ்டர்தான் தூக்கினார். ஆஸ்பத்திரியில் அவளுடைய மேல்கோட்டை மடித்துக் கணவரிடம் கொடுத்தார்கள். அதன் பையிலிருந்து மதிய மாத்திரைகள் சிந்தின.

கண் விழித்ததும், காலை மாத்திரையையும் துப்பிவந்ததை அவளே ஒப்புக்கொண்டாள். மகள் வந்த பிறகுதான் கணவர் வெடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை.

"பச்சை தெரியலைன்னா உயிர் போயிடுமா? எனக்குந்தான் ஒரு கலரும் தெரியாது, நான் உயிரோட இல்லையா?"

"அப்பா, மெதுவா," என்றாள் மகள்.

"என்னை வச்சுக்கிட்டே துப்பியிருக்கா! நான் என்ன அவ்வளவு கேணையனா?"

ஷேடக்கா ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து சற்றுத் தள்ளிவிட்டு, "உங்களை ஏமாத்தணும்னு செய்யலீங்க. அந்த ரூமுக்குள்ள போனா நான் தனி ஒருத்தி. வெளியில வந்தா எல்லாரையும் மாதிரி ஒருத்தி. கொஞ்ச நாளாவது உள்ளேயே இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்" என்றாள். அவர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். மகள் போய்ப் பார்த்தபோது, லிஃப்டின் கதவுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார்.

இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துவிட்டது, மாத்திரையை இனி ஒழுங்காகப் போட்டாலும் பழைய நிலைக்கு வராது என்று டாக்டர் சொன்னார். அவள் ஒழுங்காகப் போட்டாள். வேலையை விட்டாள். பட்டறையிலிருந்து மாஸ்டர் வாரம் ஒருமுறை வருவார்; புதிதாக வந்த பெண் நன்றாகப் பார்க்கிறாள் என்பார். "கருவியை நம்புறாளா?" என்று இவள் கேட்பாள். "நம்புறா." "நல்லது. நம்பட்டும்." வேறொன்றும் கேட்கமாட்டாள். மாஸ்டர் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவள் நாட்கள் போயின. வெளிச்சம் கூசுவதால் திரையைப் பாதி மூடியிருப்பார்கள். தன் மகளுக்கும் அந்தப் பழுதுக் குறிப்பு போயிருக்குமோ என்ற கவலை ஒன்று அவளை அரித்தது. மகள் பரிசோதித்துக்கொண்டு, தனக்கு இரண்டுமே நல்லது என்று வந்து சொன்னாள். கேட்ட அன்று ஷேடக்கா இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஒரு வேலைநாள் காலையில், கணவர் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவள் போய்ச் சேர்ந்தாள். மகள் வந்து சேர நண்பகலாகிவிட்டது. வந்தவர்கள் வெளியே நின்றார்கள். டையிங் மாஸ்டர் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள்.

"ஒண்ணும் பெருசாச் சொல்லலம்மா," என்றார். "தண்ணி கேட்டா. கொண்டாந்தேன். பாதி குடிச்சா. சட்டையில பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்கன்னு சொன்னா. சரி பண்ணிட்டு நிமிர்ந்து பார்த்தேன்."

மகள் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் குனிந்து, தன் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.